சும்மா நிற்கும் வரிகள்

"டீச்சர், எர்ரர் ஒண்ணுகூட இல்ல. எல்லாத்தையும் சரி பண்ணிட்டேன். புரோகிராம் ஓடுது. ஆனா அவ பாத்துட்டு, இது நம்ம பிள்ளை இல்லைங்கா."

வாசலில் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் ஆவுடையப்பன் இப்படித்தான் ஆரம்பித்தார்.

புஷ்பம் டீச்சர் அப்போதுதான் காலை டியூஷனை முடித்துவிட்டுத் தட்டில் இட்லியோடு உட்கார்ந்திருந்தார்.

"உள்ள வாங்க அண்ணாச்சி. சாப்..."

"சாப்பிட்டாச்சு, சாப்பிட்டாச்சு."

ஆவுடையப்பனுக்கு இது ஒரு வியாதி. எதிராளி வாயைத் திறந்தால் போதும், மீதியை இவரே சொல்லி முடித்துவிடுவார். ரயில்வே கன்ட்ரோல் அறையில் காலமெல்லாம் போனைக் காதில் வைத்துக்கொண்டு, எந்த வண்டியை நிறுத்து, எதை விடு என்று கத்தியவர். ஒருத்தன் முழுசாகப் பேசி முடிக்கட்டும் என்று அங்கே காத்திருந்தால் வண்டி அடுத்த ஸ்டேஷனைத் தாண்டியிருக்கும். வேலையிலிருந்து ஓய்வு பெற்று எத்தனையோ வருஷமாயிற்று. வாய் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

டீச்சருக்கு, இவருக்கு மகளாக இருக்கக்கூடிய வயசுதான். பாளையங்கோட்டையில் வீட்டு மாடியில் காலேஜ் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுக்கிறவர். போன வருஷம் ஒருநாள் இந்த மனிதர் வந்து நின்று, "எனக்கு சி லாங்குவேஜ் படிக்கணும்" என்றபோது, பேரனைச் சேர்க்க வந்திருக்கிறார் என்றுதான் டீச்சர் நினைத்தார்.

"எனக்குத்தான். ஒரே ஒரு புரோகிராம் ஓடணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

"குடுங்க, நானே ஓட வச்சுத் தாரேன்."

"இல்ல டீச்சர். நான்தான் ஓட வைக்கணும்."

ஏன் என்று டீச்சர் கேட்கவில்லை. அவர் அப்படித்தான், அநாவசியமாக ஒன்றும் கேட்கமாட்டார். மறுநாளிலிருந்து ஆவுடையப்பன் முதல் பெஞ்சில் இடம் பிடித்தார். டீச்சர் கேள்வி கேட்டு முடிப்பதற்குள் பதில் சொல்லி, பாதி நாள் தப்பாகச் சொல்லி, பின்னால் இருக்கிற பிள்ளைகள் சிரிக்க, ஒருவழியாகப் படித்தும்விட்டார்.

அந்தப் புரோகிராம் அவருடைய மகன் எழுதியது.

மகன் பெயர் காந்திமதிநாதன். காலேஜில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது மூளைக் காய்ச்சலில் போய்விட்டான். ஒரே பிள்ளை. முப்பது வருஷம் ஆகிவிட்டது. அவனோடு படித்தவன் ஒருத்தன் இப்போது ஆஸ்திரேலியாவில் இருக்கிறான். பழைய பிளாப்பிகளைக் கிளறியபோது அவன் கண்ணில் இது பட்டிருக்கிறது. உடனே அனுப்பிவைத்தான். காலேஜ் கண்காட்சிக்காக நாதன் செய்தது என்று ஒரு வரியும் எழுதியிருந்தான்.

அந்தக் கண்காட்சிக்கு ஆவுடையப்பன் போகவில்லை. டியூட்டி. அவர் மனைவி உலகம்மாள் மட்டும் போய்விட்டு வந்தாள்.

இப்போது உலகம்மாளுக்குக் கண் மங்கிக்கொண்டே வருகிறது. நரம்பில் கோளாறு, போன பார்வை போனதுதான், இருப்பதும் எத்தனை நாளைக்கோ என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அவள் அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அன்னைக்கு நாதன் எனக்குக் காட்டினான்லா, அத இன்னொரு தடவ பாத்துரணும். கண்ணு இருக்கும்போதே."

கட்டினவளுக்கு அதுவரை எதையும் உருப்படியாக வாங்கிக் கொடுக்காத மனிதர். இதையாவது செய்துவிட வேண்டும் என்று உயிரைக் கொடுத்துப் படித்தார்.

லேசில் நடந்துவிடவில்லை. அந்தக் காலத்து மிஷினுக்கு எழுதினதை, மிஷினுக்குப் பெயர்த்துச் சொல்கிற இந்தக் காலத்துக் கம்பைலர் ஏற்றுக்கொண்டால்தானே ஓடும்? அது தொட்டதற்கெல்லாம் முறைத்தது. திரையைத் துடைக்கிற கட்டளையா, எனக்குத் தெரியாது என்றது. எழுத்தை இன்ன இடத்தில் போடு என்றால், அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை என்றது. ஆவுடையப்பன் ஒவ்வொன்றாக மாற்றினார். மாற்ற முடியாததை எடுத்தார். நேற்று ஒரு முறைப்பும் இல்லாமல் ஓடிவிட்டது.

உலகம்மாளைக் கையைப் பிடித்து அழைத்துவந்து முன்னால் உட்காரவைத்தார். பொத்தானை அமுக்கினார். வணக்கம் என்று தொடங்கி மகன் பெயர்வரை எல்லா எழுத்தும் பளிச்சென்று வந்து, அதே வேகத்தில் புரோகிராம் முடிந்துபோயிற்று.

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது நம்ம பிள்ளை இல்ல."

"ஏன்? என்ன கொறச்சல்?"

"நாதன் வந்து..."

"எழுத்து சின்னதா இருக்கா? பெருசு பண்ணுதேன்."

"அதில்லங்க, நாதன்..."

"கலர் வேறயா இருந்துச்சா? சொல்லு, மாத்துதேன்."

அவள் எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

இவ்வளவையும் அவர் மூச்சுவிடாமல் சொல்லி முடிக்கவும் டீச்சர் தட்டை நகர்த்திவைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"மாத்துனத விடுங்க. எடுத்தது என்னென்ன?"

"ஒண்ணும் முக்கியமானதில்ல டீச்சர். நடுநடுவுல ஒண்ணும் செய்யாம சும்மா எண்ணிக்கிட்டு நிக்குத வரிங்க நெறைய இருந்துச்சு. வெறும் லூப். உள்ள ஒரு வேலையும் கிடையாது. கம்பைலரே அதப் பாத்து வார்னிங் குடுத்துச்சு. வார்னிங் ஒண்ணுகூட இருக்கக்கூடாதுன்னு முதல் நாளே நீங்கதான சொன்னீங்க?"

"சொன்னேன்."

"தூக்கிட்டேன்."

"அப்புறம்?"

"இன்னொண்ணு, அது சுத்தத் தப்பு. பாவம், சின்னப் பையன்லா, தெரியாம எழுதியிருக்கான். புரோகிராம் எழுத்தக் காட்டிக்கிட்டு இருக்கும்போது யாராச்சும் நடுவுல கீய அமுக்கிட்டா, மறுபடியும் மொதல்ல இருந்து ஆரம்பிக்குத மாதிரி வச்சிருந்தான். யாரு அப்பிடி வைப்பா? அதையும் எடுத்துட்டேன்."

"பழசு இருக்கா?"

ஆவுடையப்பன் பென்டிரைவை நீட்டினார். டீச்சர் பழையதைத் திறந்து மேலிருந்து கீழ்வரை படித்தார். மறுபடி மேலே போனார். அவர் படிக்கிற நேரம் முழுக்க இவர் பேசிக்கொண்டே இருந்தார். கண் டாக்டரின் பேச்சைப் பற்றி, பஸ்ஸில் இடம் கிடைக்காததைப் பற்றி, உலகம்மாளின் பிடிவாதத்தைப் பற்றி.

டீச்சர் நாற்காலியை இவர் பக்கம் திருப்பினார்.

"அண்ணாச்சி, உங்க மகன்..."

"கெட்டிக்காரன் டீச்சர். கணக்குல நூத்துக்கு நூறு."

டீச்சர் நிறுத்திக்கொண்டார். கொஞ்சம் பொறுத்து மறுபடி ஆரம்பித்தார்.

"அண்ணாச்சி, உங்க மகன்..."

"காந்திமதிநாதன். வீட்டுல நாதன்."

"அண்ணாச்சி, உங்க மகன்..."

"மூளைக் காய்ச்சல் டீச்சர். ஒரு வாரத்துல எல்லாம் முடிஞ்சு போச்சு."

"அண்ணாச்சி, உங்க மகன்..."

ஆவுடையப்பனுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"என்ன டீச்சர் இது? வயசான மனுசன்னு கேலி பண்ணுதீங்களா? அங்க அவ கண்ணு போய்க்கிட்டு இருக்கு, நான் ஒரு வழி தெரியாம ஓடி வந்திருக்கேன், நீங்க சொன்னதையே சொல்லிக்கிட்டு..."

டீச்சர் கோபப்படவில்லை, சிரிக்கவும் இல்லை. அவர் கத்தி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, உங்க மகன்..."

ஆவுடையப்பன் விருட்டென்று எழுந்தார். வாசலுக்குப் போனார். ஒரு செருப்பை மாட்டினார். இன்னொன்றைக் காலால் துழாவினார். வீட்டுக்குப் போய் அவளிடம் என்ன சொல்வது?

செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார். இந்தத் தடவை வாயை இறுக்க மூடிக்கொண்டார்.

"அண்ணாச்சி, உங்க மகன்..."

டீச்சர் அந்த இடத்தில் நின்றார். அவசரமே காட்டவில்லை. கீழே தெருவில் கீரைக்காரி கூவிக்கொண்டு போனாள். ஆவுடையப்பனுக்கு நாக்கு நுனியில் நாலைந்து பதில் வந்து முட்டியது. எல்லாவற்றையும் விழுங்கினார். வெளியே வராத பேச்சு நெஞ்சில் இத்தனை கனக்கும் என்று அவருக்கு அன்றுவரை தெரியாது.

"...எப்பிடிப் பேசுவான்?"

ஆவுடையப்பன் மேஜையில் கிடந்த பேனாவை எடுத்தார், வைத்தார்.

"திக்கும்."

"எப்பிடித் திக்கும்?"

"சின்னதுலயே வந்துட்டு. எவ்வளவோ வைத்தியம் பாத்தோம். சொந்தப் பேரே வராது டீச்சர். முதல் எழுத்துலயே நின்னுருவான். கழுத்து நரம்பு புடைக்கும், கண்ணு கலங்கும். காலேஜ்ல சேக்கப் போனப்போ பிரின்சிபால் பேர் என்னப்பான்னு கேட்டாரு."

"சொன்னானா?"

"நான் சொல்லிட்டேன்."

டீச்சர் திரையில் இருந்த பழைய புரோகிராமை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"அவன் கஷ்டப்படுதத என்னால பாக்க முடியாது டீச்சர். அவன் ஆரம்பிப்பான், நான் முடிச்சிருவேன். கடையில, கல்யாண வீட்டுல, எங்கேயும். அவனுக்கு ஒத்தாசைன்னுதான் செஞ்சேன்."

"நீங்க முடிக்குததும் அவன் சொல்ல வந்ததும் ஒண்ணுதானா?"

ஆவுடையப்பன் வாயைத் திறந்தார். வாழ்நாளில் முதல் தடவையாக அவருக்கே வார்த்தை வரவில்லை.

"தெரியாது," என்றார் கடைசியில். "நான் என் பிள்ளை பேச்ச ஒரு தடவகூட முழுசாக் கேட்டதில்ல."

சொல்லிவிட்டு, தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மகன் செத்த அன்றைக்கு ஆள் அனுப்புகிறேன், வண்டி பேசுகிறேன் என்று ஓடிக்கொண்டே இருந்தவர். அன்றைக்கு அழாமல் விட்டதும் சேர்ந்து இப்போது வந்தது. டீச்சர் தடுக்கவில்லை, தேற்றவும் இல்லை.

அழுகை அடங்கியபிறகு டீச்சர் கம்ப்யூட்டரை அவர் பக்கம் தள்ளிவைத்தார். திரையில் பழைய புரோகிராம். எண்ணிக்கொண்டு நிற்கிற வரிகள். நடுவில் யாராவது குறுக்கிட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்கிற அந்த வரி.

ஆவுடையப்பன் அதைப் பார்த்தார். சற்று முன்னால் தன்னிடம் டீச்சர் செய்ததை நினைத்தார். மறுபடி அந்த வரியைப் பார்த்தார்.

"இது தப்பில்லயா டீச்சர்?"

"நீங்க சொல்லுங்க."

அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, எடுத்த வரிகளை ஒவ்வொன்றாகத் திரும்ப வைக்க ஆரம்பித்தார். குறுக்கிடுகிற இடத்தை இந்தக் காலத்துக் கம்பைலருக்குப் புரிகிறபடி எழுதத் தெரியாமல் மாட்டிக்கொண்டார். அதற்கு மட்டும் டீச்சர் கைகொடுத்தார். உச்சி வெயில் ஏறும்போதுதான் முடிந்தது. ஓட்டினார்.

பளிச்சென்று வந்து பளிச்சென்று முடிந்தது.

"ஐயோ, மறுபடியும் பறக்குதே!"

"இந்தக் காலத்துக் கம்பைலர் ரொம்ப சாமர்த்தியம் அண்ணாச்சி. சும்மா எண்ணிக்கிட்டு நிக்குத வரியப் பாத்தா, இதுல ஒரு பிரயோஜனமும் இல்லன்னு அதுவே தூக்கி எறிஞ்சுரும்."

"என்ன மாதிரி."

"ஆமா," என்றார் டீச்சர். மறைத்துப் பேசத் தெரியாதவர்.

"தூக்காதேன்னு சொல்ல முடியாதா?"

"முடியும். சொன்னாலும் இந்த மிஷின் கண் இமைக்குத நேரத்துல எண்ணி முடிச்சுரும். அவன் எண்ணச் சொன்னது அன்னைக்கு இருந்த மிஷின. அது மெதுவா எண்ணும். எண்ண வேண்டாம், நேரா இவ்வளவு நேரம் பொறுத்திருன்னு நாமளே மாத்தி எழுதிறலாம்."

"எவ்வளவு நேரம்?"

"எந்த இடத்துல அதிகம், எந்த இடத்துல கம்மின்னு அவன் கணக்கு வச்சிருக்கான். பாருங்க, வணக்கத்துக்கு முன்னால சின்னது. பேருல முதல் எழுத்து தாண்டுன உடனே பெருசு. ஒரே ஒரு இடத்துக்கு நேரம் தெரிஞ்சாப் போதும். மத்ததெல்லாம் அதே கணக்குல வந்துரும்."

"அந்த ஒரு இடத்துக்கு யாரப் போய்க் கேக்க? அந்த மிஷின் இப்ப எங்க கிடக்கோ. அவனும் இல்ல."

டீச்சர் இட்லித் தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டார். ஆறிப்போன இட்லியை நின்றபடியே சாப்பிட்டார். திரும்பி வரவில்லை.

ஆவுடையப்பன் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு அவருக்கே விளங்கியது, அன்றைக்குப் பார்த்தவள் வீட்டில் இருக்கிறாளே. பென்டிரைவை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்.

உலகம்மாள் ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கண்ணால் அல்ல, விரலால்.

அவர் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"உலகு, நேத்து நீ என்னமோ சொல்ல வந்தியே. சொல்லு."

அவள் அவர் முகம் இருக்கும் பக்கம் பார்த்தாள். இவர் ஏதாவது சேர்த்துச் சொல்வார் என்று பொறுத்துப் பார்த்தாள். சொல்லவில்லை.

"நாதன் மெதுவாத்தான வருவான்," என்றாள்.

"ம்."

"அந்தக் கம்ப்யூட்டர் பொட்டியும் அவன மாதிரியே திக்கித் திக்கித்தான் எழுதுச்சு. வந்தவுகளுக்கெல்லாம் பொறுமை இல்ல. பாதியிலயே பொத்தான அமுக்குனாவ. அது மறுபடியும் வணக்கம்னு ஆரம்பிச்சுது. எல்லாரும் சிரிச்சிட்டு அடுத்த மேசைக்குப் போயிட்டாவ. நான் மட்டுந்தான் கடைசிவரைக்கும் நின்னேன். இவன் பக்கத்துல கைய கட்டிக்கிட்டு, என்னயே பாத்துக்கிட்டு நின்னான்."

ஆவுடையப்பன் இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் நகர்ந்தார்.

"பேருல முதல் எழுத்து வந்த பெறகு எவ்வளவு நேரம் நிக்கும்? உனக்கு ஞாபகம் இருக்கா?"

"நேரம்லாம் எனக்கென்ன தெரியும்? நீங்க கையக் கொடுங்க."

கொடுத்தார். அவள் அரிசித் தூசி ஒட்டிய விரல்களால் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அவன் பேச ஆரம்பிச்சா நான் இப்பிடித்தான் பிடிச்சுக்கிடுவேன். வார்த்த வந்ததும் விட்டுருவேன்."

அவள் கண்ணை மூடினாள். பிடி இறுகியது.

ஆவுடையப்பன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இதோ விட்டுவிடுவாள் என்று நினைத்தார். விடவில்லை. இப்போது விடுவாள் என்று நினைத்தார். விடவில்லை. முள் நகர்ந்துகொண்டே இருந்தது. அவருக்குப் பதறியது. மகனுடைய கழுத்து நரம்பு கண்முன் வந்து நின்றது. போதும் விடேன் என்று கத்த வேண்டும் போலிருந்தது.

விட்டாள்.

"இவ்வளவு நேரமா?"

"இவ்வளவு நேரந்தான். நீங்க நின்னு பாத்ததில்ல."

குத்திக்காட்டுகிற தொனி அதில் இல்லை. அதுதான் அவருக்குத் தாங்க முடியவில்லை.

அந்த நேரத்தை வைத்து மற்ற எல்லா இடத்துக்கும் கணக்குப் போட்டு எழுதினார். கம்பைலர் ஒன்றும் சொல்லாமல் ஏற்றுக்கொண்டது. எழுத்தைப் பெரிதாக்கினார். உலகம்மாளின் நாற்காலியைத் திரைக்கு வெகு பக்கத்தில் இழுத்துப் போட்டார்.

பொத்தானை அமுக்கினார்.

திரை கறுத்தது. ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரு எழுத்து வந்தது. பிறகு இன்னொன்று. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதியிருந்தான், அந்தக் காலத்துப் பிள்ளைகள் எழுதுவது போல. வணக்கம் என்று ஒவ்வொரு எழுத்தாக, வந்து, நின்று, வந்தது. என் பெயர் என்று வந்தது.

பெயரின் முதல் எழுத்து வந்தது. அதோடு நின்றுவிட்டது.

ஆவுடையப்பனின் விரல், அவர் சொல்லாமலே, போய் ஒரு கீயில் விழுந்தது.

திரை கறுத்தது. மறுபடியும் வணக்கம் என்று முதலிலிருந்து ஆரம்பித்தது.

உலகம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் இரண்டு கையையும் மடியில் வைத்து ஒன்றோடொன்று இறுக்கிக் கோத்துக்கொண்டார்.

என் பெயர் என்று வந்தது. பெயரின் முதல் எழுத்து வந்தது. நின்றது.

அவளுடைய மங்கிய கண் அந்த ஒற்றை எழுத்திலேயே இருந்தது. உதடு லேசாகத் துடித்தது, சிரிக்கப் போகிறவள் போல. மீதிப் பெயர் அவருக்குத் தெரியும். அந்தப் பெயரை வைத்தவரே அவர்தான். அது அவர் தொண்டைவரை வந்துவிட்டது. அவர் வாயைத் திறந்தார்.

உலகம்மாளின் கை வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தது.

"இருங்க," என்றாள். "சொல்லுவான்."